நாலுக்கு ஆறு கோலம்: டெல்டா கிராமம் ஒன்றில் 14 நாள் கணக்கு முகாம்

வாசலில் 4 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி என்று வைத்துச் சிக்குக் கோலம் போட்டால் அது ஒரே கம்பியில், அதாவது கையை எடுக்காமல் இழுக்கும் ஒரே கோட்டில், முடியாது. இரண்டு கம்பி வேண்டும். ஏன் இரண்டு என்று சந்தேகமில்லாமல் சொல்ல 9 ஆசிரியர்களுக்கும் 26 பிள்ளைகளுக்கும் 6 நாள் ஆனது. அந்த 6 நாளைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் சொதப்பியதைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். கோடையில் இப்படி ஒரு முகாம் நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவலாம்.

இடம் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு கிராமம். வாய்க்கால் ஓரமாக ஒரு பழைய ஓட்டு வீடு, முற்றம், நீளத் திண்ணை. மே மாதம், அக்னி நட்சத்திரம். எட்டாம் வகுப்பு முடித்தவர்களும் ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்களும்தான் பிள்ளைகள். எல்லாருமே அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள். ஆசிரியர்கள் அதே சுற்றுவட்டாரத்தில் 6 முதல் 10 வரை கணக்கு எடுப்பவர்கள். பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் 5 பேர் உதவிக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அக்கா, அண்ணன். நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன். முகாமை ஒருங்கிணைத்தது நான் என்பதால் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

யோசனை புதிதல்ல. ஆர்னால்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 1957-ல் தொடங்கிய கோடைத் திட்டம் பின்னால் ஒஹாயோவுக்குப் போய் இன்றும் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கி, பெரும்பாலும் எண் கோட்பாடு (முழு எண்களின் குணங்கள்) மட்டும் செய்வார்கள். 'எளிய விஷயங்களை ஆழமாக யோசி' என்பது அங்கே தாரக மந்திரம். அதே வழியில் பாஸ்டனில் 1989-ல் 'ப்ராமிஸ்' வந்தது. அங்கே பள்ளி ஆசிரியர்களுக்கும் தனியாக இடம் உண்டு. நம் நாட்டில் கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம் கல்லூரி மாணவர்களுக்கானது. பாடம் நடத்துகிறவர் பதில் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருப்பார் என்பது அதன் பெயர்போன குணம். இவற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டே விஷயம். ஒரு கேள்வியை நாள் கணக்கில் விடாமல் பிடித்துக்கொள்வது ஒன்று. ஆசிரியரும் மாணவராக உட்கார்வது இன்னொன்று.

தங்கிப் படிப்பது மட்டும் நடக்கவில்லை. பெண் பிள்ளைகளை ராத்திரி தங்க அனுப்ப ஒரு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை. "பகல் பூரா வெச்சுக்குங்க சார், விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்று ஒரு அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். சரி, காலை 8 முதல் மாலை 6 வரை என்று வைத்துக்கொண்டோம். ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மட்டும் அங்கேயே தங்கினார்கள். இதை ஒரு குறையாகத்தான் முதலில் எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள் அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். காரணம் கீழே வருகிறது.

முதல் இரண்டு நாள்

வெளிநாட்டு முகாம்களின் கேள்வித்தாள் பாணியில் நானே ஒரு தாள் தயாரித்திருந்தேன். 7-ஆல் வகுத்தால் வரும் மீதிகள், 11-ஆல் வகுத்தால் வரும் மீதிகள், அவற்றின் அடுக்குகள் என்று 20 கேள்வி. நல்ல கேள்விகள்தான். ஆனால் பிள்ளைகள் அதைப் பரீட்சைத் தாளாகப் பார்த்தார்கள். முதல் கேள்விக்கு விடை எழுதிவிட்டு, "சார், கரெக்டா?" என்று நீட்டினார்கள். சரி என்றால் அடுத்த கேள்வி, தப்பு என்றால் அழிப்பான். பதினோரு மணிக்கு முடித்துவிட்டு, இனி என்ன என்று உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

ஆசிரியர்கள் இன்னும் மோசம். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் முப்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு அரை நிமிஷம் சும்மா இருந்தால் போதும், பக்கத்தில் குனிந்து, "இங்க பாரு, இதை இப்படிப் போடு" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாம் நாள் மதியம் நீர்மோர் இடைவேளையில் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்து, "சார், எல்லாக் கணக்கையும் டீச்சருங்களே போட்டுடறாங்க" என்றாள். உண்மை. அன்று ராத்திரி இரண்டு முடிவு எடுத்தோம். தாளைத் தூக்கிப் போட்டுவிடுவது. அப்புறம், காலையில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரே கேள்வியை வெவ்வேறு இடத்தில் செய்வது. பிள்ளைகள் திண்ணையில், ஆசிரியர்கள் உள்ளே கூடத்தில். மாலை 4 மணிக்கு முன் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளக் கூடாது.

இது ஒரு ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. "நான் சொல்லிக்கொடுக்க வந்தேன், படிக்க வரலை" என்று நான்காம் நாள் கிளம்பிவிட்டார். அதன் பிறகு நாங்கள் 8 ஆசிரியர்கள்.

கோலம்

மூன்றாம் நாள் காலை முற்றத்தைக் கழுவிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டோம். நேர்ப்புள்ளி வைத்துக்கொள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எங்கும் கம்பி ஒன்றையொன்று வெட்டிப் போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். இப்படி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கோலம் போட்டால் எத்தனை கம்பி வரும்? கையை எடுக்காமல் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் அது ஒரு கம்பி.

பெண் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மார்கழி முழுக்க இதைத்தான் செய்கிறவர்கள். ஒரு பையன், "இது பொம்பளைங்க வேலை" என்று தூணில் சாய்ந்து நின்றுகொண்டான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் போடப் போட, எண்ணி எழுதும் வேலை அவன் தலையில் விழுந்தது.

மதியத்துக்குள் தரை முழுக்கக் கோலம். 2-க்கு 3 என்றால் ஒரு கம்பி. 3-க்கு 4 என்றாலும் ஒன்று. 3-க்கு 3 என்றால் மூன்று. 2-க்கு 4 என்றால் இரண்டு. முதல் ஊகம், "இரண்டும் ஒற்றைப்படை என்றால் ஒரே கம்பி". 3-க்கு 3 அதைக் கொன்றது. அடுத்தது, "இரண்டும் சமம் என்றால் அத்தனை கம்பி, இல்லாவிட்டால் ஒன்று". இது 2-க்கு 4-ல் செத்தது. தப்பான ஊகங்களை அழிக்காமல் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, பக்கத்தில் அதைத் தோற்கடித்த கோலத்தின் அளவையும் எழுதினோம். முகாமிலேயே நாங்கள் செய்த உருப்படியான காரியம் அந்தச் சுவர்தான் என்று இன்றும் நினைக்கிறேன். தப்பு சொன்ன பிள்ளையின் பெயரும் அதில் இருந்தது. இரண்டு நாளில் சுவரில் பெயர் வருவது பெருமை என்றாகிவிட்டது.

கூடத்தில் ஆசிரியர்கள் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் அவர்கள் ஒரு விதி கண்டுபிடித்தார்கள். சின்ன எண் பெரிய எண்ணை மீதியில்லாமல் வகுத்தால் சின்ன எண் எத்தனையோ அத்தனை கம்பி, வகுக்காவிட்டால் ஒன்று. 5-க்கு 5 வரை எல்லாக் கட்டத்திலும் சரிபார்த்தாயிற்று. 2-க்கு 6, 3-க்கு 6-ம் பார்த்தாயிற்று. எல்லாம் பொருந்தியது. மாலை நாலு மணிக்குக் கம்பீரமாக வெளியே வந்து சொன்னார்கள். பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு விடை தெரியும், இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சுலபமாக இல்லை.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பெண் வந்ததும் வராததுமாக, "சார், டீச்சருங்க விதி தப்பு" என்றாள். ராத்திரி வீட்டு வாசலில் 4-க்கு 6 போட்டிருக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, "அது ஒரே கம்பியில வராதுடி, ரெண்டாப் பிரியும்" என்றாராம். பிரிந்தது. 4, 6-ஐ வகுக்காது. ஆசிரியர்கள் விதிப்படி ஒன்று வர வேண்டும், வந்தது இரண்டு. அந்த விதி உடையும் முதல் இடமே 4-க்கு 6-தான். ஆசிரியர்கள் அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

ராத்திரி தங்கவில்லை என்பதைக் குறையாக எழுதியதை அன்றுதான் அடித்தேன். அந்தப் பெண் முகாமில் தங்கியிருந்தால் பாட்டி இல்லை. மறுநாள் பாட்டியை அழைத்து வரச் சொன்னோம். வந்தார், உட்கார்ந்தார், எந்தெந்த அளவு ஒரே கம்பியில் முடியும் என்று தன் கைக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "போட்டுப் பாரு, தெரியும்" என்றார். ஆசிரியர்களின் விதியும் பெயர்களுடன் சுவரில் ஏறியது.

ஆறாம் நாள் திண்ணையில் சரியான ஊகம் வந்தது: இரண்டு எண்ணின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கம்பி. 6-க்கு 9 போட்டார்கள், மூன்று. 6-க்கு 10, இரண்டு. ஏழாம் நாள் முழுக்க யாருக்கும் 'ஏன்' வரவில்லை. மிகக் கடினமான நாள் அது. சில பிள்ளைகள் தூங்கினார்கள், இரண்டு பேர் வாய்க்காலுக்குப் போனார்கள்.

எட்டாம் நாள் வழி திறந்தது, தூணில் சாய்ந்து நின்ற அந்தப் பையனால். எண்ணி எண்ணிப் பழகியவன் கம்பியையே துண்டு துண்டாக எண்ண ஆரம்பித்திருந்தான். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நாலு சாய்ந்த துண்டு. 4-க்கு 6 என்றால் 24 புள்ளி, 96 துண்டு. இரண்டு கம்பியிலும் 48, 48. 3-க்கு 4 என்றால் 12 புள்ளி, 48 துண்டு, எல்லாம் ஒரே கம்பியில். ஒரு கம்பிக்கு இத்தனை துண்டு என்பது எங்கிருந்து வருகிறது?

இதைச் சாயங்காலம் இரண்டு பக்கமும் சேர்ந்து முடித்தோம். கம்பி எப்போதும் சாய்வாகவே போகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டிலும் பக்கவாட்டில் அரைப் புள்ளி தூரம், மேல்கீழாக அரைப் புள்ளி தூரம். ஒரு வரிசையில் 6 புள்ளி இருந்தால் ஓரம் போய்த் திரும்ப 24 துண்டு ஆகும். மேல்கீழாக 4 புள்ளி என்றால் போய்த் திரும்ப 16 துண்டு. கிளம்பிய இடத்துக்குக் கிளம்பிய திசையிலேயே வர வேண்டுமானால் இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 24-க்கும் 16-க்கும் மீச்சிறு பொது மடங்கு 48. மொத்தம் 96, கம்பிக்கு 48, ஆகவே இரண்டு கம்பி. எந்த எண்ணுக்கும் இதே கதைதான்: இரண்டு எண்ணையும் பெருக்கி அவற்றின் மீ.சி.ம.-வால் வகுத்தால் மீ.பெ.கா.

22 வருஷ அனுபவமுள்ள ஒரு ஆசிரியை அப்போது சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "இரு எண்களின் பெருக்கற்பலன் ஈக்குவல் டு மீ.சி.ம. இன்ட்டு மீ.பெ.கா.ன்னு வருஷா வருஷம் போர்டுல எழுதறேன் சார். அது எதையாவது எண்ணிச் சொல்லுதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

முந்திரிக் கணக்கு

ஒன்பதாம் நாள் ஊரில் பழைய நிலக் கணக்கு தெரிந்த ஒரு தாத்தாவை அழைத்திருந்தோம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று ஆரம்பித்து, கீழ்வாய் இலக்கத்துக்கு (பழைய தமிழ்ப் பின்னங்களுக்கு) வந்து பாட்டாகவே சொன்னார். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் நிலத்து மாவுக்கும் மா என்று பெயர் என்றதும் ஆசிரியர்களே நிமிர்ந்தார்கள். எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பையன் கையைத் தூக்கினான். "தாத்தா, மூணுல ஒரு பங்குக்கு என்ன பேரு?"

தாத்தா கொஞ்சம் யோசித்தார். "அதுக்குப் பேரு கிடையாதுப்பா."

அன்று மீதி நேரம் அதிலேயே போனது. 320-ஐ மூன்றாகப் பிரித்தால் 106 முந்திரி போக மீதி நிற்கிறது. முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி உண்டு, முந்திரியை 320 கூறு போட்டதில் ஒன்று. முழுசில் 1,02,400-ல் ஒரு பங்கு. அங்கும் மூன்று போகாது. எத்தனை தடவை 320-ஆல் கூறு போட்டாலும் போகாது, ஏனென்றால் 320-க்குள் இருப்பது இரண்டும் ஐந்தும் மட்டும். இந்த இடத்தில் ஒரு ஆசிரியர் எழுந்து, பத்துக்குள் இருப்பதும் இரண்டும் ஐந்தும்தானே என்றார். அதாவது மூன்றில் ஒரு பங்கு தசமத்தில் 0.333 என்று முடியாமல் ஓடுவதும், முந்திரியில் அகப்படாமல் நழுவுவதும் ஒரே காரணத்தால். பாடப்புத்தகத்தில் முடிவுறு தசமம் என்று ஒரு பக்கத்தில் வரும் விஷயம். அதற்கு நம் ஊர்க் கணக்கிலேயே இன்னொரு ஆள் இருப்பது அங்கே யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை, எனக்கும்தான்.

"அப்போ மூணு அண்ணன் தம்பி நிலத்தைப் பிரிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று அந்தப் பையன் விடவில்லை. ஒரு வேலியை மூன்றாக்கினால் ஆளுக்கு 6 மா 66 குழி போக, 2 குழி மிச்சம். தாத்தா சிரித்தார். "மிச்சம் மூத்தவனுக்கு. அதுலதான் சண்டையே ஆரம்பிக்கும்."

ஆள் குறைந்த நாட்கள்

பத்தாம் நாளிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. முதல் நாள் 26 பேர், பன்னிரண்டாம் நாள் 15. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்த பிறகு அடங்கியது. இரண்டு ஊரில் அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது. நாலு வீட்டில் பருத்தி எடுக்கும் நேரம், பிள்ளைகளும் அம்மாவோடு வயலில். ஒரு அப்பா மட்டும், "இதுல மார்க் உண்டா? ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு உதவுமா?" என்று கேட்டார். உதவும் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றேன். மறுநாள் அவர் பையன் வரவில்லை.

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பருத்தி வயலையும் பார்க்காதது முழுக்க என் தவறு. டெல்டாவில் மே என்றால் விடுமுறை என்று நினைப்பது பள்ளிக்கூட நாட்காட்டி மட்டும்தான்.

அந்த நாட்களில் இருந்தவர்களோடு மேட்டூர்க் கணக்கு செய்தோம். ஜூன் 12 அணை திறக்கும் வழக்கமான நாள் என்பது டெல்டாப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்ததும் சிலருக்கு நினைவிருந்தது. ஆனால் டி.எம்.சி. என்றால் எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 100 கோடி கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. அப்படியானால் நாளுக்கு ஒரு டி.எம்.சி. ஓட விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வேண்டும். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை, விநாடிக்கு 12,000 கன அடி திறந்தால் 90 நாள். இதை ஒரு பெண் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா, "அணையில திறந்த அன்னிக்கே எங்க வயலுக்குத் தண்ணி வந்துடுதா? அந்த நாளை யாரு கணக்குல சேர்த்தது?" என்று கேட்டாராம். மறுநாள் அந்தக் கேள்வியும் சுவரில் ஏறியது.

கும்பகோணத்துக்கு ஒரு நாள் போனோம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு, இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அப்படியே டவுன் ஹைஸ்கூலையும் வெளியிலிருந்து பார்த்தோம். இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு பயம் இருந்தது. ராமானுஜன் கதையைச் சொன்னால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள்: நானும் அப்படி என்று கனவு காண்கிற ஓரிருவர், நமக்கெல்லாம் வராது என்று ஒதுங்குகிற மற்ற எல்லாரும். அதனால் கல்லூரி அண்ணன்களிடம் வேறு ஒன்றைச் சொல்லச் சொல்லியிருந்தேன். அந்த வீட்டில் கல்லூரி மாணவர்கள் காசு கொடுத்துத் தங்கியிருந்தார்கள். சிறுவன் ராமானுஜன் அவர்களிடம் கேட்டுக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் தீர்த்துவிட்டான். தெய்வம் கனவில் வந்து சொன்ன கதைதான் எல்லாருக்கும் தெரியும். திண்ணையில் கணக்குப் பேச ஆள் இருந்த கதை அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைகள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

கடைசி நாள் பெற்றோர் வந்தார்கள். பிள்ளைகள் கோலம் போட்டு விளக்கினார்கள். பாட்டி முன் வரிசையில் இருந்தார்.

பிறகு

பள்ளி திறந்து 3 மாதம் கழித்து 8 ஆசிரியர்களையும் பார்த்துப் பேசினேன். 5 பேர் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கணக்கு போடுகிறார்கள், பாடத்திட்டக் கணக்கு அல்ல. ஒருவர் வகுப்பில் தப்பு ஊகச் சுவர் வைத்திருக்கிறார். இன்னொருவர் வைக்க முயன்றபோது, போர்ஷன் முடியவில்லை, சுவரை அசிங்கப்படுத்துகிறீர்கள் என்று அவர் பள்ளியில் சொல்லி வெள்ளையடித்துவிட்டார்கள். இரண்டு பேர் பழையபடிதான் நடத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். "சும்மா இருந்து பார்க்க 40 பேர் கிளாஸ்ல நேரம் ஏது சார்?" என்றார் ஒருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ஆசிரியருக்கு 3 பிள்ளை இருந்த இடத்தில் பழகியதை 40 பிள்ளை இருக்கும் இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதை நாங்கள் முகாமில் யோசிக்கவே இல்லை. அடுத்த முறை கடைசி 3 நாளை அதற்கே ஒதுக்குவதாக இருக்கிறோம். தேதியையும் மாசிக் கடைசியிலேயே ஊர் ஊராகப் போய்க் கேட்டுத்தான் குறிப்போம்.

பிள்ளைகளுக்கு மதிப்பெண் கூடியதா என்று கேட்காதீர்கள், அதை நான் பார்க்கவில்லை. தூணில் சாய்ந்து நின்றவன் மட்டும் அவ்வப்போது கூப்பிடுகிறான். போன மார்கழியில் ஒரு படம் அனுப்பினான். 5-க்கு 5 கட்டம், நடுப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கம்பியை வளைத்துவிட்டிருக்கிறான். கீழே, "அண்ணன்கிட்டயும் கேட்டேன், தெரியலைங்கிறாங்க. நடுவுல ஓட்டை இருந்தா எத்தனை கம்பி சார்?"

அந்தச் சனிக்கிழமை ஆசிரியர்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டையை நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்பதிலேயே மூன்று விதமான விடை வந்து, கூடம் முழுக்கக் காகிதமாகக் கிடந்தது.